முதலில் வாளியை நிறுத்துப் பாருங்கள்: சிறு உணவு ஆலையின் கழிவைக் குறைப்பது பற்றி

கேள்வி சுருக்கமாக இதுதான். சிங்கப்பூரின் செனோக்கோ தொழிற்பகுதியில் இருபது பேர் வேலை செய்யும் சிறு தொழிற்சாலை. தோசை மாவு, தேங்காய்ச் சட்னி, முறுக்கு, மசாலாத் தூள் ஆகியவை அங்கே தயாராகின்றன. குப்பை அள்ளுவதற்கான மாதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. சரக்கு எடுக்கும் பேரங்காடி ஒன்று, “குப்பை நிரப்பு நிலத்துக்குப் போகும் உங்கள் கழிவு எவ்வளவு? அதை எப்படிக் குறைக்கப் போகிறீர்கள்?” என்று கேட்டுப் படிவம் அனுப்பியிருக்கிறது. உணவுக் கழிவை உரமாக்கும் இயந்திரம் ஒன்று வாங்கினால் இரண்டுக்கும் தீர்வாகுமா என்று ஆலையின் உரிமையாளர் கேட்கிறார்.

இயந்திரத்தை இப்போது வாங்காதீர்கள். இருபத்துமூன்று ஆண்டுகள் உணவு ஆலைகளின் உற்பத்திப் பிரிவில் இருந்திருக்கிறேன். எடுத்த எடுப்பில் இயந்திரம் வாங்கிய இடங்களில், அதற்குத் தீனி போடுவதற்காகவே கழிவு தொடர்ந்து உண்டாவதைப் பார்த்திருக்கிறேன். வாங்க வேண்டுமா, எவ்வளவு பெரியது என்பதெல்லாம் கடைசியில் வரும் கேள்விகள்.

படிவம் கேட்கும் கேள்வியை முதலில் புரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் குப்பை நிரப்பு நிலம் ஒன்றே ஒன்றுதான். லோரோங் ஹாலுஸ் 1999ல் மூடப்பட்ட பிறகு, தெற்கே சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில் 7 கிலோமீட்டர் நீளப் பாறைக் கரையால் கடலை வளைத்துக் கட்டிய செமக்காவ் மட்டுமே இருக்கிறது. அது 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. அடுத்த செமக்காவுக்கு நம்மிடம் இடம் கிடையாது. உங்கள் மாவு வாளி நேராக அங்கே போவதில்லை. முதலில் எரியூட்டு ஆலைக்குப் போகிறது. எரிந்தபின் கன அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சுகிறது. அந்தச் சாம்பலும் எரிக்க முடியாத பொருள்களும்தான் துவாஸிலிருந்து படகில் ஏறி, நாளொன்றுக்குச் சுமார் 2,000 டன் என்ற கணக்கில் செமக்காவுக்குப் போய்ச் சேருகின்றன.

இதை வைத்துக்கொண்டு “எங்கள் உணவுக் கழிவு எதுவும் நிரப்பு நிலத்துக்குப் போவதில்லை” என்று சிலர் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படி எழுத வேண்டாம். எழுத்துக்கு அது சரியாக இருக்கலாம், உண்மைக்குப் பொருந்தாது. தோசை மாவில் பாதிக்கு மேல் தண்ணீர். எரியூட்டு ஆலையில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகிறது. உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வாங்கும் நாடு இது. கப்பலேறி வந்த உளுந்தை ஊறவைத்து, அரைத்து, பிறகு காசு கொடுத்து எரிக்கிறோம். 2023ல் சிங்கப்பூரில் உண்டான உணவுக் கழிவு 7,55,000 டன். அதில் மறுசுழற்சிக்குப் போனது 18 விழுக்காடு மட்டுமே. செமக்காவுக்குப் போகும் கழிவின் அளவை, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு என்ற கணக்கில், 2030க்குள் 30 விழுக்காடு குறைப்பது 2019ல் வகுத்த கழிவில்லாப் பெருந்திட்டத்தின் இலக்கு. பேரங்காடிகள் இப்போது உங்களைப் போன்ற சிறியவர்களிடமும் படிவம் நீட்டுவதன் பின்னணியில் இந்த அழுத்தம் இருக்கிறது.

இனி உங்கள் ஆலைக்கு வருவோம். இருநூறு கிலோ வரை நிறுக்கும் தரைத் தராசு ஒன்றும் நிறம் நிறமாக ஏழெட்டு வாளிகளும் வாங்குங்கள். அரவைப் பிரிவு, சட்னி மேசை, பொரிக்கும் இடம், மசாலா அறை, பொட்டலம் கட்டும் இடம், கடைகளிலிருந்து திரும்பி வந்த சரக்கு, காலாவதியான மூலப்பொருள் என ஒவ்வொன்றுக்கும் தனி வாளி. வாளி நிரம்பியதும் நிறுத்து, எத்தனை மணி, எந்த இயந்திரம், எத்தனை கிலோ, ஏன் என்ற நான்கையும் எழுத வேண்டும். இரண்டு வாரம் போதும். ஆனால் அதற்குள் ஒரு பொது விடுமுறைக்கு முந்தைய நாள் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். உற்பத்தி அவசரப்படும் நாளில்தான் உண்மை வெளிவரும்.

“ஏன்” என்ற கட்டத்தை மேற்பார்வையாளர் நிரப்பக் கூடாது, இயந்திரத்தருகே நிற்பவர் நிரப்ப வேண்டும். தமிழிலோ வங்காளத்திலோ பர்மிய மொழியிலோ, அவருக்கு எது வருமோ அதில் எழுதட்டும். நான் வேலை செய்த ஓர் ஆலையில் மாவுக் கழிவு ஏன் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் கூடுகிறது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டோம். இரவு நேரத்தில் பாத்திரம் கழுவும் அக்கா ஒருவர், “திங்கட்கிழமை ராத்திரி பெரிய தொட்டி பழுதுன்னு சின்னத் தொட்டி நாலுல பிரிச்சு ஊத்துறாங்க, நாலையும் வழிக்கணுமில்ல” என்றார். தொட்டி பழுதாகவே இல்லை. என்றோ ஒருநாள் பழுதானது, சரிசெய்த பிறகும் பழைய பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுதி வைக்கச் சொல்லியிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

மாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் எடையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கும். நாளொன்றுக்கு 2,000 கிலோ மாவு அரைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்லிலும் தொட்டியிலும் குழாயிலும் ஒட்டிப் போவது வெறும் 2 விழுக்காடு என்றாலும் 40 கிலோ. மாதம் 26 வேலை நாள் என்றால் 1,040 கிலோ. அரிசி, உளுந்து, மின்சாரம், கூலி எல்லாம் சேர்த்துத்தான் அந்த ஒரு டன் போகிறது. இது உங்கள் குப்பைத் தொட்டியில் முழுதாகத் தெரியாது, ஏனென்றால் பாதியைத் தண்ணீர்க் குழாயால் அடித்துக் கழிவுநீர்க் குழியில் தள்ளிவிடுகிறார்கள்.

தண்ணீரில் கரைத்துவிட்டால் கழிவு மறைந்துவிடாது. பொதுப் பயனீட்டுக் கழகம் தொழிற்சாலைக் கழிவுநீருக்கு வரம்பு வைத்திருக்கிறது. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள அழுகும் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்) லிட்டருக்கு 400 மில்லிகிராம், மிதக்கும் திடப்பொருளும் அதே 400. அதற்கு மேல் போனால் தனிக் கட்டணம் உண்டு. மாவு கழுவிய முதல் தண்ணீர் அந்த வரம்பை எளிதாகத் தாண்டும். ஆகவே குப்பைக் கட்டணத்தில் மிச்சம் பிடித்ததாக நினைப்பதைக் கழிவுநீரில் கட்டுவீர்கள்.

செய்ய வேண்டியது எளிது. தண்ணீரைத் திறப்பதற்கு முன் வழித்தெடுங்கள். தொட்டியின் வளைவுக்குப் பொருந்தும் அகலமான சிலிக்கான் துடுப்பு ஒன்று, நல்ல வெளிச்சம், ஐந்து நிமிடம். கடைசிப் பொட்டலம் கட்டி முடிப்பதற்கு முன்பே வழித்துவிட்டால் அது விற்பனை மாவு, முடித்தபின் வழித்தால் கழிவு. அந்த ஐந்து நிமிடம் வேலை அட்டவணையில் எங்கே வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குழாய் வழியாக மாவு போகிறதென்றால், உணவுத் தரத்து ரப்பர் அடைப்பான் ஒன்றைக் காற்றழுத்தத்தால் உள்ளே தள்ளி, குழாயில் நிற்கும் மாவை முன்னால் எடுக்கும் அமைப்பு இருக்கிறது. நீளமான குழாய் உள்ளவர்களுக்கு அந்தச் செலவு தகும். மூன்று மீட்டர்க் குழாய்க்கு வேண்டாம், குழாயைச் சாய்வாகப் பொருத்தினாலே போதும்.

அடுத்து, திரும்பி வரும் சரக்கு. இதைப் பலர் கழிவாகவே எண்ணுவதில்லை. “கடைக்காரர் திருப்பிக் கொடுத்தார்” என்று வணிகக் கணக்கில் எழுதிவிட்டுப் பின்கதவு வழியாகக் குப்பையில் கொட்டுகிறார்கள். என் அனுபவத்தில் மிகக் கனமான வாளி இதுதான். மாவோடு பிளாஸ்டிக்கும் சேர்ந்து போவதால் மறுசுழற்சிக்கும் லாயக்கில்லாத கழிவும் இதுவே.

பொட்டலம் உப்பிப்போய்த் திரும்பி வருவது ஏன் என்று கேளுங்கள். மாவு உயிருள்ள பொருள், 4 டிகிரிக்குக் கீழே வைத்தால் புளிப்பு மெதுவாக ஏறும், சூடு பட்டால் வேகம் பிடிக்கும். ஒரு சமயம் மூன்று கடைகளிலிருந்து மட்டும் தொடர்ந்து உப்பிய பொட்டலங்கள் வந்தன. தயாரிப்பில்தான் கோளாறு என்று நினைத்து உப்பையும் ஊறும் நேரத்தையும் மாற்றிப் பார்த்தோம். கடைசியில் வெப்பநிலையைப் பதியும் சிறு கருவிகளை அட்டைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பினோம். ஒரு கடையில் இரவில் மின்சாரம் மிச்சம் பிடிக்கக் குளிர்பெட்டியை அணைத்துவைத்திருந்தார்கள். மற்ற இரண்டும் லாரி கடைசியாகப் போய்ச் சேரும் கடைகள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறந்து மூடித் திறந்து, அங்கே போவதற்குள் குளிர் போய்விட்டது. லாரிக்குள் நெகிழித் திரை தொங்கவிட்டோம், வழியை மாற்றினோம், முதல் கடைக்காரரிடம் நேரில் போய்ப் பேசினோம். திரும்பி வருவது நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. எந்த உர இயந்திரமும் அதைச் செய்திருக்காது.

இன்னொன்று, அளவுக்கு மீறி அனுப்புவது. அலமாரி காலியாக இருந்தால் கடைக்காரர் கோபிப்பார் என்று பயந்து பத்து பொட்டலம் கூடுதலாக வைக்கிறோம். எந்தக் கடை, எந்தக் கிழமை, எத்தனை விற்றது என்று மூன்று மாதக் கணக்கைப் பாருங்கள். தேக்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமை விற்பதும் புறநகர்ப் பேரங்காடியில் புதன்கிழமை விற்பதும் ஒன்றல்ல. திரும்பப் பெறும் ஒப்பந்தம் இருந்தால் அதைப் பற்றிப் பேச அந்தப் படிவமே நல்ல வாய்ப்பு. கழிவைக் குறைக்கச் சொல்லும் பேரங்காடி, விற்காததையெல்லாம் உங்கள் தலையில் கட்டும் விதியையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். இதை மரியாதையாக, எண்களோடு, எழுத்தில் கேளுங்கள். தீபாவளி முறுக்கிலும் இதேதான். கடைசி ஐந்து நாள் உறுதியான கொள்முதல் ஆணை இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம்.

மசாலா அறையில் வரிசைதான் முக்கியம். மல்லி, பிறகு மஞ்சள், பிறகு மிளகாய் என்று வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கும், மணம் குறைந்ததிலிருந்து கூடியதற்கும் போனால் நடுவில் செய்யும் முழுச் சுத்தம் குறையும், சுத்தம் செய்ய ஓட்டி எறியும் தூளும் குறையும். எள், கடுகு, வேர்க்கடலை போன்ற ஒவ்வாமைப் பொருள் கலந்த தூளைக் கடைசியில் வையுங்கள். சல்லடையில் நின்ற கரடுமுரடை அடுத்த முறை அதே தூள் அரைக்கும்போது சேர்க்கலாம், ஆனால் பெயரும் தேதியும் எழுதி மூடி வைத்திருந்தால் மட்டும். பெயரில்லாத வாளி எதுவும் மறுபடி உணவுக்குள் போகக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பொரித்த எண்ணெயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதற்குச் சந்தை இருக்கிறது. துவாஸில் 2010 முதல் இயங்கும் நெஸ்டே நிறுவனத்தின் ஆலை, 2023ல் விரிவாக்கப்பட்ட பிறகு, பயன்படுத்திய சமையல் எண்ணெய் போன்ற கழிவுக் கொழுப்புகளிலிருந்து விமான எரிபொருள்கூடத் தயாரிக்கிறது. உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுங்கள். அதற்கு முன் எண்ணெயின் ஆயுளை நீட்டப் பாருங்கள். அடியில் தங்கும் துகளை அவ்வப்போது அரித்தெடுத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். உடைந்த முறுக்கைத் தனிப் பொட்டலமாகக் குறைந்த விலைக்கு விற்க வெட்கப்படாதீர்கள், எங்கள் ஆலையில் அதற்கென்றே வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சுவது உண்டு. அங்கே நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்று: கலக்காதீர்கள். கலக்காமல் இருக்கும் வரை அது இன்னொருவருக்கு மூலப்பொருள், கலந்துவிட்டால் குப்பை. சோயா பால், தவ்ஹூ (டோஃபு) ஆலைகளில் மிஞ்சும் சக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 10,000 டன் உண்டாகிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வில்லியம் சென்னின் குழு அதை நொதிக்கவைத்துப் பயனுள்ள பொருளாக்கும் ஆய்வுகளைச் செய்திருக்கிறது. அது சாத்தியமாவதற்குக் காரணம், அந்தச் சக்கை ஒரே பொருளாக, ஒரே இடத்தில், அன்றாடம் ஒரே தரத்தில் கிடைப்பதுதான். உங்கள் தேங்காய்ச் சக்கையும் உளுந்துத் தோலும் அப்படிப்பட்டவை.

கம்போங் காலத்தில் வீடு வீடாக வந்து கழுநீர் எடுத்துப்போய்ப் பன்றிக்குப் போட்டவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1984ல் பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்த அரசாங்கம் முடிவெடுத்த பிறகு அந்த வழி அடைபட்டது. இன்று அந்த இடத்தில், உணவுக் கழிவைத் தின்று தீவனமாகும் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுக்களை வளர்ப்பவர்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் எண்ணெயும் உப்பும் மிளகாயும் இல்லாத சக்கையைத்தான் விரும்புவார்கள். நாங்கள் அப்படி ஒரு பண்ணைக்குச் சக்கை அனுப்பியபோது, மூன்றாவது வாரம் ஒரு பீப்பாய் முழுதும் திரும்பி வந்தது. உள்ளே ஒரே ஒரு ரப்பர் கையுறை இருந்தது. அன்று முதல் கையுறைத் தொட்டியைச் சக்கை வாளியிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி வைத்தோம், வாளிக்கு மூடி போட்டோம். பிறகு ஒரு முறையும் திரும்பி வரவில்லை.

பெரிய அளவிலும் இதே பாடம் நடந்திருக்கிறது. உணவுக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கத் துவாஸில் ஓர் ஆலை இயங்கியது. வந்த கழிவில் நெகிழியும் மற்றவையும் கலந்திருந்தன, சுத்தமான கழிவு போதிய அளவு கிடைக்கவில்லை, 2011ல் மூடப்பட்டது. இப்போது, குப்பை எரியூட்டலையும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் ஒன்றாக இணைக்கும் துவாஸ் நெக்சஸ் வளாகத்தில் உணவுக் கழிவையும் கழிவுநீர்ச் சேற்றையும் சேர்த்துச் செரிக்கவைக்கப் போகிறார்கள். உலு பாண்டான் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலையில் நடந்த முன்னோட்டத்தில், சேற்றை மட்டும் செரிக்கவைப்பதைவிட மும்மடங்கு எரிவாயு கிடைத்தது. ஆனால் அங்கே கொடுக்கவும் தனியாகப் பிரித்த கழிவுதான் வேண்டும். 2024 முதல், உணவுக் கழிவு அதிகம் உண்டாகும் புதிய பெரிய கட்டடங்களில் அதைத் தனியே பிரிப்பது சட்டப்படி கட்டாயம். உங்கள் கட்டடம் பழையதாக இருக்கலாம், பழக்கத்தை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

விற்க முடியாது, ஆனால் சாப்பிட நன்றாக இருக்கிறது என்ற சரக்கு சக்கையோடு சேரக் கூடாது. 2024 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குட் சமாரிட்டன் உணவு நன்கொடைச் சட்டம், நல்ல மனத்தோடு உணவு கொடுப்பவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. கொடுக்கும்போது உணவு பாதுகாப்பானதாக இருக்க வேண்டும், எப்படிக் கையாள்வது, எத்தனை நாளுக்குள் சாப்பிடுவது என்று பெறுபவரிடம் சொல்ல வேண்டும், சுகாதார விதிகளைப் பின்பற்ற நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். அச்சுப் பிசகிய மசாலாப் பொட்டலம், முறுக்கு போன்ற உலர்ந்தவற்றை 2012ல் தொடங்கிய உணவு வங்கி போன்ற அமைப்புகள் எடுத்துக்கொள்ளும். மாவு கடினம், குளிர்பெட்டி வேண்டும். கோயில் அன்னதானச் சமையலறைகளிடம் முன்கூட்டியே பேசி, தேதி முடிய மூன்று நாள் இருக்கும்போதே கொடுங்கள். கடைசி நாள் மாலை கொண்டுபோய் இறக்குவது தானமாகாது, நம் குப்பையை அவர்கள் தலையில் வைப்பதாகும்.

பொட்டல உறையில் இரண்டு விஷயம் மட்டும். அலுமினியமும் நெகிழியும் ஒட்டிய உறையை மறுசுழற்சி செய்ய வழியில்லை. எரித்தாலும் அலுமினியம் சாம்பலோடு மிஞ்சுகிறது. ஆகவே செமக்காவ் என்ற கணக்கில் இது மாவைவிட மோசம். மசாலாவின் மணம் காக்க அது உண்மையிலேயே வேண்டுமா, ஒரே வகை நெகிழியால் ஆன உறை போதுமா என்று வைத்துச் சோதியுங்கள். இரண்டாவது, விலை மலிவு என்று ஈராண்டுக்கான அச்சிட்ட உறையை வாங்கிக் குவிக்காதீர்கள். ஒரு மூலப்பொருள் மாறினால் அத்தனையும் குப்பை. ஆண்டு விற்றுமுதல் 1 கோடி வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்கள் உறைகளின் கணக்கைத் தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்குக் கொடுப்பது 2021லிருந்து கட்டாயம். நீங்கள் அந்த அளவை எட்டாவிட்டாலும் கணக்கை வைத்திருங்கள்.

இப்போது அந்த இயந்திரம். மேலே சொன்னதையெல்லாம் செய்து ஆறு மாதம் கழித்து, அன்றாடம் எத்தனை கிலோ மிஞ்சுகிறது, அதில் உப்பும் எண்ணெயும் எவ்வளவு என்று பாருங்கள். உலர்த்தி உரமாக்கும் வகைக்கு மின்சாரம் நிறையச் செலவாகும், உப்பும் எண்ணெயும் கலந்த உரத்தை யாரும் செடிக்குப் போடமாட்டார்கள். நீராக்கி வெளியேற்றும் வகையில், நான் முன்பு சொன்ன 400 மில்லிகிராம் வரம்பு மறுபடி முன்னால் வந்து நிற்கும். விற்க வருபவரிடம் மூன்று கேளுங்கள்: ஒரு கிலோ கழிவுக்கு எத்தனை யூனிட் மின்சாரம், வெளியே வரும் நீரின் ஆய்வறிக்கை எங்கே, உரத்தை எடுத்துக்கொள்வது யார். மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

படிவத்தில், எரியூட்டலுக்குப் போகும் கழிவை ஒரு வரியிலும், தீவனத்துக்கும் எண்ணெய்ச் சேகரிப்புக்கும் நன்கொடைக்கும் போவதைத் தனித்தனி வரியிலும் கிலோவில் எழுதுங்கள். நிறுத்துப் பார்க்காத வரியில் “இன்னும் அளக்கவில்லை” என்று எழுதி, அளக்கத் தொடங்கும் தேதியைப் போடுங்கள். அந்தத் தேதி அடுத்த திங்கட்கிழமையாக இருக்கட்டும்.